கனரகச் சரக்குந்துகளில் சிறுபொறிகள்

கனரகச் சரக்குந்துகளில் சிறுபொறிகள் என்பது, குறைந்த கொள்ளளவு கொண்ட டீசல் பொறிகளை (எஞ்சின்களை) அதிக எடை சுமக்கும் சரக்குந்துகளில் (லாரிகளில்) பயன்படுத்தும் நடைமுறையைக் குறிக்கும். ஐரோப்பாவில் 40 டன் எடையுள்ள தொடருந்துச் சரக்குந்தை 11 முதல் 13 லிட்டர் கொள்ளளவுள்ள பொறி இழுப்பது வழக்கம். இந்தியாவில் 55 டன் வரை எடையுள்ள சரக்குந்துகளைக்கூட 5 முதல் 7 லிட்டர் கொள்ளளவுள்ள பொறிகள் இழுத்துச் செல்கின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் - ஒரகடம் தொழிற்பகுதியில் தயாராகும் பாரத்பென்ஸ் சரக்குந்துகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

சிறிய பொறி கனரக வேலைக்குப் போதுமானதா என்னும் வினாவிற்கு ஒரே விடை இல்லை. மொத்த எடை, சாலையின் ஏற்றம், தேவைப்படும் வேகம், ஒரு நாளில் பொறி முழுச்சுமையில் இயங்கும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்து விடை மாறும். சமவெளியில் எளிதாகச் செல்லும் அதே வண்டி மலைப்பாதையில் மிதிவண்டியின் வேகத்திற்குக் குறையக்கூடும். இறக்கத்திலோ இது வேகத்தைப் பற்றிய கேள்வியாக இல்லாமல் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றிய கேள்வியாகிறது.

## அடிப்படைக் கருத்துகள்

### கொள்ளளவு, திறன், முறுக்குவிசை

பொறியின் உருளைகளுக்குள் உந்துதண்டு (பிஸ்டன்) ஒருமுறை மேலிருந்து கீழ்வரை நகரும்போது ஏற்படும் மொத்தக் கன அளவு பொறியின் கொள்ளளவு எனப்படும். இது லிட்டரிலோ கன சென்டிமீட்டரிலோ (சிசி) குறிக்கப்படுகிறது. சுழல்தண்டைத் திருப்பும் வலிமை முறுக்குவிசை ஆகும். முறுக்குவிசையையும் சுழல்வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது திறன். திறன் கிலோவாட்டிலோ குதிரைத்திறனிலோ அளக்கப்படுகிறது. ஒரு மெட்ரிக் குதிரைத்திறன் சுமார் 0.7355 கிலோவாட்டிற்குச் சமம்.

ஒரு பொறி நிமிடத்திற்கு 1600 சுற்றுகளில் 1100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருவதாகக் கொள்வோம். அப்போது அதன் திறன் சுமார் 184 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 250 குதிரைத்திறன் ஆகும். இதே திறனை, பாதி முறுக்குவிசையும் இருமடங்கு சுழல்வேகமும் கொண்ட வேறொரு பொறியும் தரும். எனவே "முறுக்குவிசைதான் இழுக்கும், குதிரைத்திறன் வேகத்திற்கு மட்டுமே" என்னும் பரவலான கூற்று முழு உண்மை அன்று. பொறியின் முறுக்குவிசையைப் பற்சக்கரப் பெட்டி (கியர் பெட்டி) பலமடங்கு பெருக்கிச் சக்கரத்திற்கு அளிக்கிறது. பற்சக்கரத்தால் பெருக்க முடியாதது திறன் மட்டுமே.

### எடைக்கு ஏற்ற திறன்

ஒரு சரக்குந்தின் இழுவைத் தகுதியை அறிய எளிய அளவுகோல், ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைத்திறன் உள்ளது என்பதாகும். கொள்ளளவு இந்தக் கணக்கில் நேரடியாக இடம்பெறுவதில்லை. பொறி பெரியதா சிறியதா என்பதைவிட, அது எவ்வளவு திறனைத் தருகிறது, அத்திறனை எத்தனை மணி நேரம் தளராமல் தருகிறது என்பவையே முதன்மையானவை.

## வரலாறு

### தொடக்ககாலப் பொறிகள்

இந்தியாவில் விடுதலைக்குப் பின் சரக்குந்துத் தொழில் இரு பெரும் கிளைகளாக வளர்ந்தது. 1948 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், சென்னைக்கு வடக்கே எண்ணூரில் ஆலை அமைத்தது. பிரித்தானிய லேலண்ட் நிறுவனத்தின் கூட்டுறவால் 1955 ஆம் ஆண்டு அது அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்றது. டாட்டா நிறுவனம் 1954 முதல் 1969 வரை செருமனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்துடன் இணைந்து சரக்குந்துகளைத் தயாரித்தது.

அக்காலப் பொறிகள் இயல்புக் காற்றுறிஞ்சல் வகையைச் சார்ந்தவை. வளிமண்டல அழுத்தத்தில் தானாக உள்ளே வரும் காற்றை மட்டுமே இவை பயன்படுத்தின. இதனால் ஒரு லிட்டர் கொள்ளளவிற்குச் சுமார் 20 குதிரைத்திறன் அளவே கிடைத்தது. டாட்டா 1210 சரக்குந்தின் ஆறு உருளைப் பொறியின் கொள்ளளவு சுமார் 4.8 லிட்டர், திறன் ஏறத்தாழ 100 குதிரைத்திறன். நீண்ட காலம் இந்தியச் சாலைகளில் சரக்கைச் சுமந்தவை இத்தகைய பொறிகளே.

### டர்போசார்ஜரின் வருகை

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூச்சி 1905 ஆம் ஆண்டு டர்போசார்ஜருக்கான காப்புரிமம் பெற்றார். பொறியிலிருந்து வெளியேறும் சூடான புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் மறுமுனையிலுள்ள காற்றழுத்தியால் கூடுதல் காற்றை உருளைகளுக்குள் செலுத்துவது இதன் தத்துவம். கூடுதல் காற்று இருந்தால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். அழுத்தப்பட்ட காற்று சூடேறுவதால் அதைக் குளிர்விக்கும் இடைக்குளிர்விப்பான் (இன்டர்கூலர்) பின்னர் சேர்க்கப்பட்டது.

மூன்றாவது பெரிய மாற்றம் பொதுக்குழாய் எரிபொருள் செலுத்துமுறை (காமன் ரெயில்) ஆகும். இதில் டீசல் ஆயிரம் மடங்கு வளிமண்டல அழுத்தத்திற்கும் மேலான அழுத்தத்தில் ஒரு பொதுக்குழாயில் சேமிக்கப்பட்டு, மின்னணுக் கட்டுப்பாட்டின் கீழ்த் துல்லியமான நேரத்தில் உருளைகளுக்குள் தூவப்படுகிறது. இம்மூன்றும் சேர்ந்ததால் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் திறன் ஏறத்தாழ இருமடங்கானது.

1993 ஆம் ஆண்டு டாட்டா நிறுவனமும் அமெரிக்காவின் கம்மின்ஸ் நிறுவனமும் சம பங்குடன் கூட்டு நிறுவனம் அமைத்து, 5.9 லிட்டர் டர்போ டீசல் பொறியை இந்தியச் சரக்குந்துகளுக்குக் கொண்டுவந்தன. அசோக் லேலண்ட், சப்பானின் ஹினோ நிறுவனத் தொழில்நுட்பத்தில் அமைந்த "எச்" வரிசைப் பொறிகளைப் பயன்படுத்தியது. 1998 அளவில் வால்வோ நிறுவனம் 12 லிட்டர் பொறி கொண்ட சரக்குந்துகளைப் பெங்களூருக்கு அருகிலுள்ள ஒசகோட்டையில் தயாரிக்கத் தொடங்கியது. எனினும், பெரும்பாலான இந்திய உரிமையாளர்கள் 6 லிட்டர் வகுப்புப் பொறிகளையே தொடர்ந்து வாங்கினர்.

## திருப்பெரும்புதூர் - ஒரகடம் பகுதி

சென்னைக்குத் தென்மேற்கே அமைந்த இப்பகுதி இந்தியாவின் முதன்மையான வாகனத் தொழில் மையங்களுள் ஒன்றாகும். 1996 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஹூண்டாய் இந்தியாவின் ஆலை திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ளது. ஒரகடத்தில் 2010 ஆம் ஆண்டு ரெனோ-நிசான் மகிழுந்து ஆலையும், 2013 ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் இயங்கத் தொடங்கின. நடுவண் அரசின் தேசிய வாகனச் சோதனைத் திட்டத்தின் கீழ் அமைந்த உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையமும் இங்குள்ளது. அப்பல்லோ நிறுவனத்தின் சரக்குந்து உருளிப்பட்டை (டயர்) தயாரிப்பும் இங்கு நடைபெறுகிறது.

350 சிசி மோட்டார் சைக்கிள் பொறியிலிருந்து கோமாட்சு நிறுவனத்தின் சுரங்கக் கொட்டுந்துகள் வரை இப்பகுதியில் கையாளப்படுகின்றன. வண்டியின் வேலைக்கு ஏற்பப் பொறியின் அளவு எவ்வாறு மாறுகிறது என்பதை ஒரே வட்டாரத்தில் காண இது வாய்ப்பளிக்கிறது.

### பாரத்பென்ஸ்

டைம்லர் நிறுவனம் 2008 ஆம் ஆண்டு ஹீரோ குழுமத்துடன் கூட்டாகச் சரக்குந்துத் திட்டத்தைத் தொடங்கியது. 2009 ஆம் ஆண்டு ஹீரோ விலகியதால், டைம்லர் இந்தியா வணிக வாகனங்கள் நிறுவனம் முழுமையாக டைம்லருக்கு உரியதாயிற்று. 2011 பெப்ரவரியில் பாரத்பென்ஸ் என்னும் வணிகப்பெயர் அறிவிக்கப்பட்டது. ஒரகடத்தில் சுமார் 400 ஏக்கர் பரப்பில் அமைந்த ஆலை 2012 ஏப்ரலில் அப்போதைய தமிழக முதலமைச்சர் ஜெ. செயலலிதாவால் திறந்து வைக்கப்பட்டது. 2013 முதல் ஃபூசோ என்னும் பெயரில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஏற்றுமதியும் தொடங்கியது. 2021 திசம்பரில் டைம்லரின் சரக்குந்துப் பிரிவு டைம்லர் டிரக் எனத் தனி நிறுவனமானபின், இந்நிறுவனம் அதன் கீழ் வந்தது.

பாரத்பென்ஸ் சரக்குந்துகளில் இரு குடும்பப் பொறிகள் பயன்படுகின்றன.

* 4டி34ஐ: சப்பானின் மிட்சுபிசி ஃபூசோ வழிவந்த நான்கு உருளைப் பொறி. கொள்ளளவு 3.9 லிட்டர். 140, 170 குதிரைத்திறன் வகைகள் உண்டு. நடுத்தரச் சரக்குந்துகளில் பொருத்தப்படுகிறது.
* ஓஎம் 900 வரிசை: மெர்சிடிஸ்-பென்ஸ் வழிவந்த ஆறு உருளைப் பொறி. தொடக்கத்தில் 6.4 லிட்டர் கொள்ளளவுள்ள ஓஎம் 906 பொருத்தப்பட்டது. பாரத் நிலை 6 மாசு விதிகளுக்குப் பின் 7.2 லிட்டர் கொள்ளளவுள்ள ஓஎம் 926 பொருத்தப்படுகிறது. கனரகச் சரக்குந்துகளுக்கு உரியது.

இதே தாய் நிறுவனம் ஐரோப்பாவில் 40 டன் சரக்குந்துகளுக்கு 12.8 லிட்டர் கொள்ளளவுள்ள ஓஎம் 471 பொறியைப் பயன்படுத்துகிறது. 2011 இல் அறிமுகமான அப்பொறி 420 குதிரைத்திறனுக்கும் மேலான வகைகளில் கிடைக்கிறது. ஆகவே பெரிய பொறி செய்யத் தெரியாததால் இந்தியாவில் சிறுபொறி பொருத்தப்படவில்லை. சந்தையின் தேவையும் விலையும் இத்தேர்வை முடிவு செய்கின்றன.

## பெயர் எண்களும் திறன் விகிதமும்

இந்தியச் சரக்குந்துகளின் பெயரிலுள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் மொத்த எடையை டன்னில் குறிக்கும். கடைசி இரண்டு இலக்கங்களைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழக் குதிரைத்திறன் கிடைக்கும். 2523 என்பது 25 டன் எடையும் 230 குதிரைத்திறனும் கொண்ட வண்டி. இம்முறையில் கணக்கிடப்பட்ட தோராய விகிதங்கள் பின்வருமாறு (டன்னுக்குக் குதிரைத்திறன்):

* டாட்டா 1210: 8.3
* டாட்டா 1612: 7.5
* டாட்டா 2515: 6.0
* பாரத்பென்ஸ் 2523: 9.2
* பாரத்பென்ஸ் 2823: 8.2
* பாரத்பென்ஸ் 4928: 5.7
* பாரத்பென்ஸ் 5528: 5.1
* டாட்டா 5530: 5.5
* அசோக் லேலண்ட் 5525: 4.5

2005 ஆம் ஆண்டு அறிமுகமான டாட்டா ஏஸ் என்னும் சிறு சரக்குந்தின் முதல் வகையில் 702 சிசி கொள்ளளவுள்ள இரண்டு உருளைப் பொறி இருந்தது. அதன் திறன் 16 குதிரைத்திறன் மட்டுமே. ஆனால் முழுச்சுமையுடன் அதன் எடை சுமார் ஒன்றரை டன் ஆகையால், விகிதம் டன்னுக்குப் பத்திற்கு மேல் வருகிறது. அதாவது "குட்டி யானை" எனப் பேச்சுவழக்கில் அழைக்கப்படும் அச்சிறுவண்டி, எடை விகிதத்தில் 55 டன் தொடருந்தைப்போல் இருமடங்கு வலிமை உடையது. பொறியின் அளவை மட்டும் வைத்து ஒரு வண்டியை வலுவற்றது எனக் கூற இயலாது என்பதற்கு இது சான்றாகும்.

மறுமுனையில், கோமாட்சுவின் எச்டி785 சுரங்கக் கொட்டுந்தில் சுமார் 30 லிட்டர் கொள்ளளவுள்ள பன்னிரண்டு உருளைப் பொறி உள்ளது. ஏறத்தாழ 1,180 குதிரைத்திறனும் 166 டன் மொத்த எடையும் கொண்ட அதன் விகிதம் சுமார் 7 ஆகும்.

## தேவைப்படும் திறன்: ஒரு கணக்கு

சரக்குந்து நகரும்போது மூன்று தடைகளை வெல்ல வேண்டும். அவை சக்கரங்களின் உருளல் தடை, காற்றின் தடை, ஏற்றத்தில் புவியீர்ப்பின் தடை ஆகியன. உருளல் தடை எடையில் 0.7 விழுக்காடு எனவும், பொறியின் திறனில் 85 விழுக்காடு சக்கரத்தை அடைகிறது எனவும் கொண்டால் கீழ்க்காணும் முடிவுகள் கிடைக்கின்றன.

### சமவெளியில்

55 டன் வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் செல்லச் சக்கரத்தில் சுமார் 80 கிலோவாட் திறன் போதும். 280 குதிரைத்திறன் (206 கிலோவாட்) பொறியிலிருந்து சக்கரத்திற்கு வருவது சுமார் 175 கிலோவாட். எனவே பாதிக்கும் மேல் மீதமிருக்கிறது. 28 டன் வண்டிக்கோ சுமார் 50 கிலோவாட் மட்டுமே தேவை.

2015 அக்டோபர் முதல் புதிய சரக்கு வண்டிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. இதன்படி பெரும்பாலானவற்றின் உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். இவ்வேகத்திற்கு மேல் செல்லவே முடியாத வண்டியில், வேகத்திற்கென்று கூடுதல் திறன் வைப்பதால் பயனில்லை.

### ஏற்றத்தில்

நூறு மீட்டர் தொலைவில் ஐந்து மீட்டர் உயரும் 5 விழுக்காடு ஏற்றத்தில் நிலைமை முற்றிலும் மாறுகிறது. புவியீர்ப்பின் இழுப்பு மட்டும் உருளல் தடையைப்போல் ஏழு மடங்காகிறது. 280 குதிரைத்திறன் கொண்ட 55 டன் வண்டி அந்த ஏற்றத்தில் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தையே தக்கவைக்கும். 230 குதிரைத்திறன் கொண்ட 28 டன் வண்டி சுமார் 33 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும். அந்த 28 டன் வண்டியில் விதியை மீறிச் சுமை ஏற்றி மொத்த எடையை 40 டன் ஆக்கினால், வேகம் சுமார் 23 கிலோமீட்டராகக் குறையும்.

### நின்ற நிலையிலிருந்து கிளம்புதல்

ஏற்றத்தில் நின்று கிளம்புவது பொறியின் திறனைவிடப் பற்சக்கர விகிதத்தையும் சக்கரப் பிடிப்பையும் சார்ந்தது. 1100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை முதல் கியரும் அச்சுக் கியரும் சேர்ந்து 50 மடங்கு பெருக்குவதாகக் கொண்டால், அரை மீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் சுமார் 93 கிலோநியூட்டன் இழுவிசை கிடைக்கும். 55 டன் வண்டியை 16 விழுக்காடு ஏற்றத்தில் நகர்த்த இது ஏட்டளவில் போதும். ஆனால் ஒரே ஓட்டச்சு கொண்ட இழுவை வண்டியில் அவ்விசையைத் தாங்கும் பிடிப்பு உருளிப்பட்டைக்கும் சாலைக்கும் இடையே இராது. பொறி தோற்பதற்கு முன்பே சக்கரம் வழுக்கும். சேற்றிலும் கற்குவாரியிலும் ஓடும் கொட்டுந்துகளுக்கு (டிப்பர்களுக்கு) இரண்டு ஓட்டச்சுகள் வைக்கப்படுவதன் காரணம் இதுவே.

## 2018 ஆம் ஆண்டின் எடை விதி

2018 சூலையில் நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சரக்குந்துகளின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையை உயர்த்தியது. ஆறு சக்கர இரண்டு அச்சு வண்டியின் வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், மூன்று அச்சு வண்டியின் வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும் உயர்ந்தன. தொடருந்துகளின் உச்ச வரம்பு 49 டன்னிலிருந்து 55 டன்னானது.

இதன் விளைவு வண்டிகளின் பெயர் எண்களிலேயே தெரிகிறது. 2523 என்பது 2823 ஆனது. 3123 என்பது 3523 ஆனது. 4928 என்பது 5528 ஆனது. முதல் இரண்டு இலக்கங்கள் உயர்ந்தன. கடைசி இரண்டு இலக்கங்கள் மாறவில்லை. அதாவது எடை கூடியது, திறன் கூடவில்லை. ஒரு டன்னுக்கான திறன் ஏறத்தாழப் பத்து விழுக்காடு குறைந்தது.

இம்மாற்றத்தை ஆதரிப்போர், சட்டத்திற்குப் புறம்பாக ஏற்கெனவே ஏற்றப்பட்டுவந்த சுமையையே விதி ஏற்றுக்கொண்டது என்பர். ஒரு பயணத்தில் கூடுதல் சரக்கு செல்வதால் டன்னுக்கான டீசல் செலவு குறைவதையும் சுட்டுவர். எதிர்ப்போர், நிறுத்துகருவிகளும் (பிரேக்குகளும்) பாலங்களும் சாலைகளும் கூடுதல் எடையைத் தாங்க வேண்டியிருப்பதைக் குறிப்பிடுவர். அதிகச் சுமையால் ஒரே சரக்கிற்குக் குறைவான வண்டிகள் போதும் என்பதால், ஒரு வண்டி மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுக்கு வேலை குறையும் என்னும் கவலையும் எழுந்தது.

அளவுக்கு மீறிய சுமையை மாநில அரசுகள் கட்டணம் பெற்று அனுமதிக்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2005 நவம்பரில் தடைசெய்தது. 2019 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அதிகச் சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் விதிக்கிறது.

## பிற நாடுகளில்

ஐரோப்பிய ஒன்றியத்தின் வாகன ஒப்புதல் விதிகள், சரக்கு வண்டித் தொடரின் மொத்த எடையில் ஒவ்வொரு டன்னுக்கும் குறைந்தது 5 கிலோவாட் திறன் இருக்கவேண்டும் என வகுத்துள்ளன. மேலும், முழுச்சுமையுடன் 12 விழுக்காடு ஏற்றத்தில் ஐந்து நிமிடங்களுக்குள் ஐந்து முறை நின்று கிளம்பும் தகுதியும் வேண்டும். 206 கிலோவாட் திறனுள்ள 55 டன் வண்டியின் விகிதம் 3.7 கிலோவாட் மட்டுமே. அந்த விதிப்படி அவ்வண்டி சுமார் 41 டன் வரையே இழுக்கலாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுந்தொலைவுச் சரக்குந்துகளின் பொது எடை வரம்பு 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36 டன். அங்கு 13 முதல் 15 லிட்டர் பொறிகளும் 400 முதல் 500 குதிரைத்திறனும் இயல்பானவை. நெடுஞ்சாலையில் மகிழுந்துகளுக்கு ஈடான வேகத்தில் செல்வது இதற்கு முதன்மைக் காரணமாகும்.

அதே நாட்டில் சிறுபொறியின் ஏற்பிற்கும் சான்று உண்டு. ஃபோர்டு நிறுவனம் தன் எஃப்-150 என்னும் வேலைக்கான பிக்கப் வண்டியில் 2011 மாதிரி ஆண்டு முதல் 3.5 லிட்டர் இரட்டை டர்போ பெட்ரோல் பொறியைப் பொருத்தியது. எட்டு உருளைப் பெரிய பொறிக்குப் பழகிய வாங்குநர்கள் முதலில் ஐயுற்றனர். ஆயினும் 365 குதிரைத்திறன் தந்த அப்பொறி பரவலாக ஏற்கப்பட்டது. எனினும் பிக்கப் வண்டி பெரும்பாலான நாட்களில் குறைந்த சுமையுடன் ஓடுவது. சரக்குந்தோ நாள்தோறும் முழுச்சுமையுடன் ஓடுவது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட இயலாது.

## நன்மைகள்

* சமவெளியில் எரிபொருள் சிக்கனம்: சிறுபொறியில் உராய்வு இழப்பு குறைவு. தன் உச்சத் திறனுக்கு அருகே இயங்கும் பொறி, பெரும்பகுதி நேரம் இளைத்து இயங்கும் பெரிய பொறியைவிட எரிபொருளை நன்கு பயன்படுத்துகிறது.
* குறைந்த தன்னெடை: பொறியின் எடை குறைந்தால், அதே மொத்த எடை வரம்பிற்குள் அந்த அளவு சரக்கைக் கூடுதலாக ஏற்றலாம்.
* குறைந்த விலை: பொறி மட்டுமன்றி, பற்சக்கரப் பெட்டி, கிளட்ச், குளிர்விப்பான் ஆகியவையும் சிறியவையாகப் போதும்.
* எளிய பழுதுபார்ப்பு: ஒரே பொறி பல மாதிரிகளில் பயன்படுவதால் உதிரிப்பாகங்கள் எளிதில் கிடைக்கின்றன.

## குறைகள்

### உள்ளழுத்தமும் வெப்பமும்

சிறிய கொள்ளளவில் அதிகத் திறனைப் பெறுவதென்றால் உருளைக்குள் அழுத்தம் உயரவேண்டும். 7.2 லிட்டர் பொறி 1100 நியூட்டன் மீட்டர் தரும்போது அதன் சராசரிப் பயனழுத்தம் சுமார் 19 பார் ஆகும். பழைய இயல்புக் காற்றுறிஞ்சல் பொறிகளில் இது 7 முதல் 9 பார் அளவிலேயே இருந்தது. உந்துதண்டு, தாங்குருளை, உருளைத்தலை, டர்போசார்ஜர் அனைத்தும் இருமடங்கிற்கும் மேலான சுமையைத் தாங்கவேண்டும். உரிய நேரத்தில் எண்ணெய் மாற்றாமை, அடைபட்ட காற்று வடிகட்டி, குறைந்த குளிர்நீர் ஆகியவற்றைப் பழைய பொறிகள் ஓரளவு பொறுத்துக்கொண்டன. புதிய சிறுபொறிகள் பொறுப்பதில்லை.

### தாமதம்

டர்போசார்ஜர் சுழலத் தொடங்குவதற்குப் போதிய புகை வேண்டும். ஆகையால் குறைந்த சுழல்வேகத்தில் சிறுபொறி சற்றுத் தளர்ந்தே இருக்கும். ஓட்டுநர் கிளட்சை அதிகம் பயன்படுத்தி இக்குறையைச் சரிக்கட்ட முயல்வதால் கிளட்ச் விரைவில் தேய்கிறது.

### மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள்

2017 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 4 விதிகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாம் நிலையைத் தவிர்த்து, 2020 ஏப்ரல் 1 முதல் நேரடியாக நிலை 6 விதிகள் வந்தன. இவற்றிற்காகப் புகைத்துகள் வடிகட்டியும், 32.5 விழுக்காடு யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரசன் ஆக்சைடுகளைக் குறைக்கும் அமைப்பும் சேர்க்கப்பட்டன. இவை புகைபோக்கியில் எதிர் அழுத்தத்தை உண்டாக்குகின்றன. பாரத்பென்சின் கனரக வண்டிகளில் திறன் ஏறத்தாழ அதே அளவில் இருக்க, கொள்ளளவு 6.4 இலிருந்து 7.2 லிட்டராக உயர்ந்தது கவனிக்கத்தக்கது. பொறியை மேன்மேலும் சிறிதாக்குவது மட்டுமே முன்னேற்றத்தின் திசை அன்று என்பதை இது காட்டுகிறது.

### இறக்கத்தில் தடுப்புத்திறன்

சிறுபொறிகளைப் பற்றிய உரையாடல்களில் பெரும்பாலும் ஏற்றமே பேசப்படுகிறது. இறக்கம் அதைவிட முக்கியமானது. 55 டன் வண்டி 5 விழுக்காடு இறக்கத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்க, தொடர்ந்து சுமார் 190 கிலோவாட் ஆற்றலை எங்காவது வெளியேற்றவேண்டும். வேகத்தை 20 கிலோமீட்டராகக் குறைத்தால் இது சுமார் 130 கிலோவாட்டாகும். சக்கர நிறுத்துகருவியை மட்டுமே தொடர்ந்து அழுத்தினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

இதனால்தான் இறக்கத்தில் தாழ்ந்த கியரில், புகைத்தடை நிறுத்தியின் உதவியுடன் பொறியையே தடுப்பாகப் பயன்படுத்தவேண்டும். ஆனால் பொறி தரும் தடுப்புத்திறன் அதன் கொள்ளளவையும் சுழல்வேகத்தையும் பொறுத்தது. டர்போசார்ஜர் இழுக்கும் திறனை இருமடங்காக்குகிறது. சாதாரணப் புகைத்தடை நிறுத்தியின் தடுப்புத்திறனை அது அந்த அளவிற்கு உயர்த்துவதில்லை. எனவே 7 லிட்டர் பொறி, இழுப்பதில் பழைய பெரிய பொறிக்கு இணையானாலும், தடுப்பதில் இணையாவதில்லை. தனித் தடுப்புக்கருவி (ரிடார்டர்) பொருத்துவது இக்குறையை நீக்கும் வழியாகும்.

தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44 இல் அமைந்த தொப்பூர் கணவாய், நிறுத்துகருவி செயலிழந்த சரக்குந்துகளால் நேர்ந்த தொடர் விபத்துகளுக்குப் பெயர்பெற்றது. கியரை நடுநிலையில் வைத்து இறங்கினால் டீசல் மிச்சமாகும் என்னும் தவறான பழக்கமும் அத்தகைய இறக்கங்களில் உயிரிழப்பிற்குக் காரணமாகிறது. புதிய பொறிகளில் கியரில் இறங்கும்போது மின்னணுக் கட்டுப்பாடு டீசல் செலுத்துவதை நிறுத்திவிடுவதால், நடுநிலையில் இறங்குவதால் எந்தச் சேமிப்பும் கிடைப்பதில்லை.

## பயன்பாட்டிற்கேற்ற பொருத்தம்

* துறைமுகப் பெட்டகப் போக்குவரத்து: சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களிலிருந்து திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குச் செல்லும் வழி பெரும்பாலும் சமவெளி. நெரிசலால் வேகமும் குறைவு. இதற்குச் சிறுபொறி போதும்.
* சென்னை - பெங்களூர் வழி: தேசிய நெடுஞ்சாலை 48 இராணிப்பேட்டை, கிருட்டிணகிரி வழியாகச் சென்று, ஓசூருக்கு அருகே சுமார் 900 மீட்டர் உயரமுள்ள பீடபூமியை அடைகிறது. கிருட்டிணகிரிக்கு மேற்பட்ட ஏற்றத்தில் முழுச்சுமை வண்டிகள் வேகம் குறைகின்றன. மொத்தப் பயணத்தில் இப்பகுதி சிறிது ஆகையால், பெரும்பாலான உரிமையாளர்கள் இத்தாமதத்தை ஏற்கின்றனர்.
* மலைப்பாதைகள்: சத்தியமங்கலத்திற்கும் மைசூருக்கும் இடையே 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் போன்ற பாதைகளில் எடைக்கேற்ற திறனும் தடுப்புத்திறனும் மிகுந்த வண்டிகளே பொருத்தமானவை.
* கற்குவாரி, சுரங்கம்: பொறி நீண்ட நேரம் முழுச்சுமையில், புழுதியில், குறைந்த வேகக் காற்றோட்டத்தில் இயங்குகிறது. இவ்வேலைக்கெனப் பாரத்பென்ஸ் 2832 போன்ற 320 குதிரைத்திறன் வகைகள் வந்துள்ளன. இவற்றின் விகிதம் டன்னுக்குச் சுமார் 11 குதிரைத்திறன். அதே 28 டன் எடைக்கு நெடுஞ்சாலையில் 230 போதுமானதாக இருக்க, சுரங்கத்தில் 320 தேவைப்படுவது, வேலையின் தன்மையே பொறியை முடிவு செய்கிறது என்பதை விளக்குகிறது.

## மதிப்பீடு

ஒரகடத்தில் தயாராகும் வண்டிகளின் கணக்கிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, இன்றைய 4 முதல் 7 லிட்டர் பொறிகள், அரை நூற்றாண்டுக்கு முந்தைய அதே அளவுப் பொறிகளைப்போல் ஏறத்தாழ இருமடங்குத் திறன் உடையவை. 28 டன் வரையிலான வண்டிகளுக்கு இவை பழைய இந்தியச் சரக்குந்துகளுக்கு ஏறத்தாழ இணையான அல்லது மேலான விகிதத்தைத் தருகின்றன. இரண்டாவது, 49 முதல் 55 டன் வரையிலான தொடருந்துகளில் இப்பொறிகள் சமவெளிக்குப் போதுமானவை. ஏற்றத்தில் அவற்றின் மெதுவான ஓட்டம் பின்வரும் வண்டிகளுக்கும் இடையூறாகிறது. மூன்றாவது, எடை வரம்பு உயர்த்தப்படும்போது திறனுக்கும் தடுப்புத்திறனுக்கும் குறைந்தபட்ச விகிதம் வகுக்கப்படாவிடில், அச்சுமையின் விலையை இறக்கங்களில் ஓட்டுநர்களே செலுத்த நேரிடும்.

சரக்குந்து வாங்குவோர் கொள்ளளவைக் கேட்பதைவிட, தாம் செல்லும் வழியின் மிகக்கடுமையான ஏற்றம் எது, அங்கு முழுச்சுமையில் கிடைக்கும் வேகம் எவ்வளவு, இறக்கத்தில் வண்டியைத் தாங்கும் கருவி எது என்னும் மூன்றையும் கேட்பது பயன்தரும்.

## இவற்றையும் பார்க்க

* டீசல் பொறி
* டர்போசார்ஜர்
* குதிரைத்திறன்
* முறுக்குவிசை
* பாரத் நிலை மாசு விதிகள்
* அசோக் லேலண்ட்
* ஒரகடம்
* திருப்பெரும்புதூர்
* தொப்பூர்